கம்பத்திலிருந்து ஏலத்தோட்டம் ஏறும் எஸ்யூவி: எந்த சர்வீஸ் அவசியம், எதை விட்டுவிடலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கம்பத்தில் வீடு, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம். ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி, மேனுவல் கியர், பிஎஸ்6. வாங்கி மூன்று வருடம் ஆகப்போகிறது, 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரம் ஒருமுறையாவது குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏறி இறங்குகிறீர்கள். போன மாதம் அப்பா, அம்மா, பிள்ளைகளோடு குமுளியிலிருந்து இறங்கும்போது கருகல் வாடை வந்தது. லோயர் கேம்ப் நெருங்கும்போது பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. சர்வீஸ் சென்டரில் காட்டினால், பிரேக் பேடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், அடிப்பாகத்துக்கு ரஸ்ட் கோட்டிங், ஏசி கிருமிநீக்கம், பெயின்டுக்கு செராமிக் கோட்டிங் என்று ஒரு பட்டியலை நீட்டினார்கள். இதில் எது தேவை, வீட்டிலேயே எதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கேள்வி.

அந்தப் பட்டியலில் இருக்கும் எதுவும் உங்கள் வண்டிக்கு இப்போது அவசரமில்லை. அவசரமானது அதில் இல்லவே இல்லை: பிரேக் ஆயில்.

பேடு நன்றாக இருப்பதும் பிரேக் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. நீங்கள் மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோவது பிரேக் ஆயில்தான். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. மூடி இறுக்கமாக இருந்தாலும் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் சேரும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் 3.7 சதவீதம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரி. டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால், சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் பக்கம் ஆயில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் பெடல் உள்ளே போகிறது, வண்டி நிற்க மறுக்கிறது. கீழே வந்து ஆறிய பிறகு குமிழி கரைந்து பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். மறுநாள் சர்வீஸ் சென்டரில் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாததற்கு இதுவே காரணம்.

உங்கள் பாதையில் எவ்வளவு சூடு உண்டாகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், குமுளி 900 மீட்டரை ஒட்டி. ஆட்களோடும் மூட்டைகளோடும் 2,300 கிலோ எடையுள்ள வண்டி 500 மீட்டர் கீழே இறங்கினால், ஏறக்குறைய மூன்று யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளியே போயாக வேண்டும். குமுளி ரோட்டில் போகும்போது மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் அதே சரிவில் விழும் வேகத்தில்தான் லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் கரண்ட் எடுக்கிறார்கள். உங்கள் வண்டி விழும் வேகத்தை எஞ்சின் வாங்கிக்கொள்ளாவிட்டால், முழுவதும் நான்கு சக்கரத்து பிரேக்கில் சூடாகத்தான் இறங்கும்.

ஆகவே முதல் வேலை, பிரேக் ஆயிலை முழுதாக வடித்து, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து, புது ஆயில் ஊற்றுவது. மேலே டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்றினால் போதாது. சூடு வாங்கிய ஆயில் காலிப்பரில் கிடக்கிறது, அது வெளியே வந்தாக வேண்டும். டாட் 3-ஆ 4-ஆ என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். சில நூறு ரூபாய் ஆயிலும் ஒரு மணி நேர வேலையும்தான். பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. வாரா வாரம் மலையேறும் உங்களுக்கு அதைத் தாண்டி ஒரு மாதம்கூடத் தள்ளக் கூடாது என்பேன். பெட்டியில் மிச்சமான, மூடி திறந்து பல மாதமான ஆயிலை யாராவது ஊற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பேடுகளையும் கண்ணால் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றினால் காலிப்பர் இடுக்கில் தெரியும். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, தேயும் பொருள் மட்டும் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். வெளிப்பக்கப் பேடு நன்றாக இருந்து உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பரை நகரவிடும் ஊசி (ஸ்லைடு பின்) சேற்றில் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் டிரம் பிரேக் என்றால் வருடத்துக்கு ஒருமுறையாவது டிரம்மைக் கழற்றி உள்ளே சேர்ந்த தூளை எடுக்க வேண்டும். சூடாக இறங்கி வந்தவுடன் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு. டிஸ்க் கோணிக்கொள்ளும், அப்புறம் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறும். சமதரையில் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினாலே காற்றில் ஆறிவிடும்.

ஓட்டும் விதமும் பராமரிப்பில் சேர்த்திதான், இந்தப் பாதையில் பாதிப் பராமரிப்பே அதுதான். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர்களைக் கவனியுங்கள். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு மிதி, பிறகு காலை எடுத்துவிடுவது. லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் பேடையும் ஆயிலையும் வேக வைக்கிறது. நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கையை தயவுசெய்து விட்டுவிடுங்கள். கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் டீசலை முழுதாக நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் செலவாகிறது. எஞ்சினை அணைத்து இறங்குவது அதைவிட மோசம். பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோய் பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

டயருக்கு வருவோம். காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அதில் இரண்டு வரிசை உண்டு: இரண்டு மூன்று பேருக்கு ஒன்று, முழு பாரத்துக்கு ஒன்று. ஏழு பேரும் சாமானும் ஏறும் நாளில் இரண்டாவது வரிசைதான். பின் டயருக்கு அதில் கூடுதலாகப் போட்டிருப்பார்கள், பலர் அதைக் கவனிப்பதில்லை. அளப்பது காலையில், வண்டி நகர்வதற்கு முன்னால். பத்து டிகிரி சூடு ஏறினாலோ இறங்கினாலோ அழுத்தம் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ மாறும். கம்பத்து மத்தியான வெயிலில், ஓடி வந்த டயரில் அளந்து, கூட இருக்கிறதே என்று காற்றை இறக்கினால், வண்டன்மேட்டுக் குளிரில் விடியும்போது டயர் தொய்ந்திருக்கும். ஒரு சின்ன டிஜிட்டல் கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

தேய்மானத்துக்கு சட்ட வரம்பு 1.6 மில்லிமீட்டர், பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு டயர் தேய்ந்து சமமாகிவிட்டால் அந்த வரம்பு வந்துவிட்டது. ஆனால் ஆனி, ஆடியில் இடுக்கி மழைக்குள் போகிறவர் அதுவரை காத்திருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டருக்கு வரும்போதே மாற்றிவிடுவது நல்லது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியிலும் இதைப் பாருங்கள், அதன் காற்றையும் பாருங்கள். தோட்டத்துப் பாதையில் கல் குத்தி உட்பக்கச் சுவர் வீங்கியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்து, முன் டயரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வீக்கம் இருந்தால் அந்த டயர் மலைக்குப் போகக் கூடாது. அலைன்மென்ட்டும் டயர் இடம் மாற்றுவதும் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. பெரிய குழியில் விழுந்து ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் உடனே.

அடுத்தது எஞ்சின் ஆயில். வண்டியோடு வந்த கையேட்டில் சர்வீஸ் அட்டவணைக்குப் பக்கத்தில் கடினமான பயன்பாடு என்று ஒரு பகுதி இருக்கும். மலைப்பாதை, தூசி, அதிக பாரம், குறைந்த தூர ஓட்டம் என்று அதில் எழுதியிருப்பது அப்படியே உங்கள் வண்டியின் வாழ்க்கை. அதற்கான ஆயில் இடைவெளி சாதாரண அட்டவணையில் ஏறக்குறைய பாதியாக இருக்கும். அதையே பின்பற்றுங்கள். ஆயில் ரகமும் முக்கியம். புகைக்குழாயில் டிபிஎஃப் எனும் கரி வடிகட்டி இருக்கும் வண்டிகளுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கேனில் ஏசிஇஏ சி2, சி3 என்றெல்லாம் போட்டிருப்பது அதுதான். உங்கள் கையேடு எதைச் சொல்கிறதோ அது. பழைய டீசல் வண்டிக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றினால் வடிகட்டியில் சாம்பல் தங்கும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது.

அந்த வடிகட்டி விளக்கு ஒருமுறை எரிந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். கரி நிறைந்ததும் எஞ்சின் கூடுதலாக டீசல் விட்டு, வடிகட்டியை ஏறக்குறைய 600 டிகிரிக்குச் சூடாக்கி கரியை எரிக்கும். அந்த நேரத்தில் ஐட்லிங் கொஞ்சம் ஏறும், ரேடியேட்டர் ஃபேன் இரைச்சலாக ஓடும், சூட்டு வாடை வரும். அதைப் பார்த்து மிரண்டு எஞ்சினை அணைத்தால் வேலை பாதியில் நின்றுவிடும். கம்பத்துக்குள்ளேயே பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விடுவதும் சந்தைக்குப் போவதுமாக ஓடினால் கரி எரிய வாய்ப்பே கிடைக்காது. விளக்கு வந்தால் தேனி ரோட்டில் நிற்காமல், சீரான வேகத்தில் ஒரு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டாலோ, விளக்கோடு எஞ்சின் இழுவையும் குறைந்தாலோ சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

இதில் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இப்படிப் பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சமதரையில், எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். ஆயில் குறைவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். உங்களுக்கு அது கூடினாலும் ஆபத்துதான். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், டீசல் வாடை அடித்தால், கிலோமீட்டர் வராவிட்டாலும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

தோட்டத்தில் வண்டியை நிழல் மரத்தடியில்தான் நிறுத்துவீர்கள், வேறு இடமும் இருக்காது. அங்கே ஒரு சங்கதி நடக்கும். பானட்டைத் திறந்து, முன்கண்ணாடியின் அடியில் வைப்பர் முளைத்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஜாலியைப் பாருங்கள். அதன் இரண்டு ஓரத்திலும் இலையும் சருகும் மக்கி, ஈரமான கறுப்பு மண்ணாகவே படிந்திருக்கும்; மழைக்காலத்தில் அதில் செடிகூட முளைத்திருப்பதைப் பார்க்கலாம். கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் அந்த ஓரங்களில் இருக்கும் துளை வழியாகத்தான் முன்சக்கரப் பக்கம் இறங்க வேண்டும். துளை அடைத்தால் தண்ணீர் ஏசி காற்று உள்ளே போகும் வழியாக வண்டிக்குள் வந்துவிடும். இடதுபக்க முன் கால்மிதிக்கு அடியில் கம்பளம் ஊறும், பூஞ்சை வாடை வரும், அங்கேயே ஓடும் வயரிங் கனெக்டர்களில் பச்சை பிடிக்கும். சம்பந்தமில்லாத விளக்குகளெல்லாம் எரிய ஆரம்பித்தால் பலமுறை காரணம் இதுதான். சருகைக் கையால் அள்ளி எடுத்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் ஒரு சொம்புத் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் தண்ணீர் விழ வேண்டும். விழாவிட்டால் மெல்லிய நைலான் குச்சி விட்டுக் குடைந்து எடுங்கள். கம்பி வேண்டாம், உள்ளே ரப்பர் கிழியும். கதவுகளின் அடி விளிம்பில் இருக்கும் சிறு துளைகளையும் அப்படியே பாருங்கள்.

ஏசி கிருமிநீக்கம் என்று அவர்கள் காசு கேட்பதும் பெரும்பாலும் இந்த வாடைக்காகத்தான். அந்தத் துளைகளைச் சுத்தம் செய்து, ஏசி காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை மாற்றினால் பெரும்பாலும் போதும். பெரும்பாலான வண்டிகளில் கையுறைப் பெட்டியை (க்ளவ் பாக்ஸ்) கழற்றினால் ஃபில்டர் கைக்கு வந்துவிடும், கருவி எதுவும் வேண்டாம்.

எஞ்சின் ஏர் ஃபில்டர் தோட்டத்துத் தூசியில் சீக்கிரம் அடைக்கும், ஒவ்வொரு சர்வீஸிலும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் ஃபில்டரில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றே வடிக்க வேண்டும், இன்ஜெக்டர் விலை அப்படி. கூலன்ட் எஞ்சின் ஆறியபின் டப்பாவில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் கையேடு சொல்லும் கூலன்ட்டே ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். ஏற்றத்தில் சூடு முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்துங்கள். கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள். பேட்டரிக்கும் மூன்று வருடம் ஆகப்போவதால், ஓய்வாக இருக்கும்போது வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 12.6 என்றால் நல்லது, 12.2-க்குக் கீழே என்றால் பனிக்காலக் காலையில் தோட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வைப்பர் ரப்பரை ஒவ்வொரு மே மாதமும் மாற்றிவிடுங்கள். எலித் தொல்லைக்கு, கொட்டகையில் இரவு நிறுத்தும்போது பானட்டைத் திறந்தே வைப்பது உதவும். இருட்டான, கதகதப்பான இடத்தைத்தான் எலி தேடுகிறது. வண்டிக்குள் தின்பண்டம் விட்டுவைக்காதீர்கள்.

கிளட்ச் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திணறும்போது பாதிக் கிளட்சில் சமாளிப்பது பிளேட்டை எரிக்கும். தயங்காமல் முதல் கியருக்கு வாருங்கள். எதிரே பஸ் வந்து ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் கிளட்சில் வண்டியைத் தாங்காமல் கைபிரேக்கைப் போடுங்கள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும், விதியும் அதுதான்.

இனி பட்டியலுக்கு வருகிறேன். எஞ்சின் ஃப்ளஷ்: நேரத்துக்கு ஆயில் மாற்றும் எஞ்சினுக்கு அதற்கு வேலையே இல்லை. இன்ஜெக்டர் கிளீனிங்: புகை, உதறல், மைலேஜ் குறைவு என்று ஏதாவது இருந்தால் பரிசோதித்த பிறகு செய்வது, 31,000 கிலோமீட்டரில் சும்மா செய்வதல்ல. ரஸ்ட் கோட்டிங்: கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு அர்த்தம் உண்டு. உங்கள் எதிரி உப்புக் காற்றல்ல, ஈரச் சேறு. மாதம் ஒருமுறை வாட்டர் சர்வீஸில் தூக்கி வைத்து, சக்கர வளைவுகளின் உள்மடிப்பில் அப்பியிருக்கும் செம்மண்ணை முழுதாக அடிக்கச் சொல்லுங்கள். சேறு போகாமல் மேலே கோட்டிங் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதாக ஆகிவிடும். செராமிக் கோட்டிங் அழகுக்கு. ஆசை இருந்தால் செய்யுங்கள், பராமரிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல டயர் இரண்டு வரும்.

வருடத்தில் இரண்டு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று மே கடைசி, இடுக்கியில் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன்: முழு சர்வீஸ், பிரேக், வைப்பர், டயர். இன்னொன்று அக்டோபர். நம் பக்கம் ஐப்பசி மழையும், அதன் பின்னால் கார்த்திகையில் சபரிமலை வண்டிகளும் சேர்ந்துவிடும். நெரிசலில் இறங்கும்போது நின்று நின்று வர வேண்டியிருக்கும், பிரேக்குக்கு அதுதான் கடினமான மாதம். அதற்கு முன் பேடு, ஆயில் அளவு, விளக்குகள் மட்டும் பார்த்தால் போதும். கேரளச் சோதனையில் புகைச் சான்றிதழைக் கேட்பார்கள். புது வண்டிக்கு முதல் வருடம் விலக்கு, அதன் பின் பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிகளுக்கு வருடம் ஒருமுறை எடுக்க வேண்டும். வாரன்டி முடியும் தேதியையும் பாருங்கள். அதற்கு முன்னால் சஸ்பென்ஷனில் டொக் டொக் என்று சத்தம் கேட்டால் எழுத்தில் புகார் கொடுத்து ஜாப் கார்டு நகலை வாங்கி வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது பிரேக் ஆயில் மட்டும்தான். மாற்றிய பிறகு, எஞ்சின் ஓட, நின்ற இடத்தில் பெடலை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்து வைத்துப் பாருங்கள். கெட்டியாக நின்றால் சரி. மெல்ல மெல்ல உள்ளே போனால் கோளாறு ஆயிலில் இல்லை, பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரிலோ எங்காவது கசிவிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வாருங்கள், வண்டியை மலைக்கு எடுக்க வேண்டாம்.